டஹிட்டியிலிருந்து கிளம்பும் மூன்று கப்பல்கள்: பால் கோகன், ஸ்டார் பிரீஸ், அரானுய் 5

தென் பசிபிக்கில் பிரான்சுக்குச் சொந்தமான தீவுகளான பிரெஞ்சு பாலினேசியாவுக்குச் சிறிய கப்பலில் போகலாம் என்று முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கப்பலில் சொகுசு அதிகம் என்பதைத்தான். எந்தக் கடலைப் பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் கப்பலைப் பாருங்கள் என்பேன் நான். நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள், ஐந்து தீவுக்கூட்டங்கள், மேற்கு ஐரோப்பா அளவுக்கு விரிந்து கிடக்கும் கடல்; இதில் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் சம்பந்தமே இல்லை. டஹிட்டி, மூரியா, ஹுவாஹினே, ராயாட்டேயா, போரா போரா எல்லாம் சொசைட்டி தீவுகள். சுற்றிலும் பவளப்பாறை வேலி, உள்ளே அலையடங்கிய காயல், விளம்பரப் படங்களில் வரும் அந்த நீலம். மார்க்கெசஸ் தீவுகளோ டஹிட்டியிலுள்ள தலைநகர் பப்பேட்டேயிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. அங்கே பவள வேலி கிடையாது, காயல் கிடையாது, கடல் நேராக வந்து கறுத்த எரிமலைப் பாறையில் மோதும். நேரக்கணக்குகூட டஹிட்டியைவிட அரை மணி முன்னால் ஓடும்.

சரி, கப்பல்களுக்கு வருவோம்.

பால் கோகன் 1998 முதல் பப்பேட்டேயைத் தளமாக வைத்து ஓடுகிறது. 2019-இல் பிரான்சின் போனான் நிறுவனம் அதை வாங்கியது. சுமார் 330 பயணிகள். கப்பலின் அடிப்பாகம் ஐந்து மீட்டர் சொச்சம்தான் தண்ணீருக்குள் இருக்கும், இந்தக் காயல்களை மனதில் வைத்தே கட்டியது. அறைகள் எல்லாமே கடலைப் பார்த்தவை, பெரும்பாலானவற்றில் பால்கனி உண்டு. மதுவும் டிப்ஸும் கட்டணத்திலேயே அடக்கம், கரையில் சுற்றிப் பார்ப்பதற்குத் தனிக் காசு. எனக்கு இதில் பிடித்த விஷயம் கப்பலின் பின்புறம் தண்ணீர் மட்டத்தில் திறக்கும் தளம். நங்கூரம் போட்டதும் அங்கிருந்தே கயாக்கை எடுத்துக்கொண்டு காயலில் இறங்கிவிடலாம், ஸ்கூபா கற்றுக்கொடுக்கவும் கப்பலிலேயே ஆள் இருக்கிறது. டஹா தீவை ஒட்டி மோட்டு மஹானா என்ற குட்டித் தீவில் ஒரு முழுப் பகல் விட்டுவிடுவார்கள். நீச்சல், சாப்பாடு, தென்னை நிழல், வேறு வேலையே இல்லை. ஏழு இரவுப் பயணத்துக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு அந்தப் பக்கம் இல்லை என்றே நினைக்கிறேன்.

கப்பலின் பெயர் மட்டும் எனக்கு உறுத்துகிறது. ஓவியர் கோகன் 1891-இல் டஹிட்டிக்கு வந்தவர், 1903-இல் ஹிவா ஓவா தீவின் அட்டுவோனாவில் இறந்தவர், இடைப்பட்ட காலத்தில் பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுமிகளை மனைவி என்று சொல்லி வைத்திருந்தவர். அந்தப் பெண்களின் ஊர்களுக்கு அந்தப் பெயரைத் தாங்கிய கப்பல் போய்வருவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்தது விண்ட்ஸ்டார் நிறுவனத்தின் கப்பல்கள். பல வருடங்களாக டஹிட்டியில் ஓடியது விண்ட் ஸ்பிரிட்: நான்கு பாய்மரம், 148 பயணிகள், பொத்தானை அழுத்தினால் தானாக விரியும் பாய்கள். அண்மைக் காலத்தில் அந்த இடத்துக்கு வந்திருக்கும் ஸ்டார் பிரீஸில் பாய்மரம் கிடையாது. குறுக்கே வெட்டி நடுவில் புதிய பகுதி சேர்த்து நீளமாக்கப்பட்ட கப்பல், 312 பேர் போகலாம், எல்லாமே சூட் அறைகள். இரண்டும் ஒரே நிறுவனம் என்பதால் பழைய பயணிகள் எழுதிய பாய்மரக் கதைகளைப் படித்துவிட்டு புதிய கப்பலில் டிக்கெட் போட்டுவிட வாய்ப்பிருக்கிறது. எந்தக் கப்பல் என்று பெயரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். போகும் தீவுகள் ஏறத்தாழ பால் கோகன் போகிறவைதான், தண்ணீர் விளையாட்டுத் தளமும் உண்டு. மது அடிப்படைக் கட்டணத்தில் சேராது, அதையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே விலையை ஒப்பிட வேண்டும். ஒரு பாய்மரக் கப்பல் கிடைத்தால் எடுங்கள், அது தனி அனுபவம். ஸ்டார் பிரீஸா பால் கோகனா என்று வந்தால் உள்ளூர்க் கடலிலேயே வளர்ந்த பால் கோகன் பக்கம்தான் சாய்வேன்.

அரானுய் 5 வேறு ஜாதி. 2015 கடைசியில் ஓடத் தொடங்கிய 126 மீட்டர் கப்பல்; முன் பாதி சரக்கு, பின் பாதி பயணிகள், சுமார் 230 பேர். இது சுற்றுலாவுக்காகச் சரக்கை ஏற்றிக்கொள்ளும் கப்பல் இல்லை, மார்க்கெசஸ் மக்களுக்கு சிமெண்டும் அரிசியும் பிரிட்ஜும் மோட்டார் வண்டியும் கொண்டு போகிற கப்பல். திரும்பும்போது கொப்பரையும் பழங்களும் ஏற்றிக்கொண்டு வரும். கரையில் நிற்கிறவர்கள் பயணிகளுக்காகக் காத்திருப்பதில்லை, தங்கள் சாமானுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த ஒரு வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. ஊரின் அன்றாட வாழ்க்கைக்குள் நீங்கள் ஓர் ஓரமாக இறங்கி நடக்கிறீர்கள், உங்களுக்காக யாரும் மேடை போட்டு வைத்திருக்கவில்லை.

பன்னிரண்டு நாளில் மார்க்கெசஸின் மக்கள் வாழும் ஆறு தீவுகளையும் தொடுகிறது: நுகு ஹிவா, ஊவா போ, ஊவா ஹுகா, ஹிவா ஓவா, டஹுவாட்டா, ஃபட்டு ஹிவா. பால் கோகனும் ஆண்டில் சில முறை பதினான்கு இரவுப் பயணமாக மார்க்கெசஸ் போகிறது, ஆனால் ஆறையும் தொடுவதில்லை. ஊவா ஹுகாவின் வைபாயே குடா மிகக் குறுகலானது, அதற்குள் கயிறுகளை இருபக்கப் பாறைகளில் கட்டி இந்த நீளமான கப்பலை அப்படியே திருப்பி நிறுத்துவார்கள், அதைப் பார்க்கவே விடியற்காலையில் மேல்தளத்தில் கூட்டம் கூடும். ஹிவா ஓவாவின் புவாமாவுவில் இரண்டரை மீட்டருக்கு மேல் உயர்ந்த டிக்கி, அதாவது மனித உருவக் கற்சிலை, நிற்கிறது. ஃபட்டு ஹிவாவில் ஓமோவாவிலிருந்து ஹனாவாவே வரை மலைமேல் பதினாறு பதினேழு கிலோமீட்டர் நடக்கலாம். முடியாதவர்கள் கப்பலிலேயே சுற்றி வந்துவிடலாம். ஓமோவாப் பெண்கள் மரப்பட்டையைத் தட்டித் தட்டித் துணியாக்குவதை நேரிலேயே பார்க்கலாம். இந்தத் தீவுகள் 2024 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன, அந்த முடிவு எடுத்த கூட்டம் புது டெல்லியில்தான் நடந்தது.

அரானுய் கட்டணத்தில் வழிகாட்டியோடு கரைப் பயணங்கள், மூன்று வேளைச் சாப்பாடு, மதியமும் இரவும் ஒயின் எல்லாம் அடக்கம். பங்க் படுக்கையுள்ள பொது அறையும் உண்டு என்பதால் மற்ற இரண்டையும்விட மிகக் குறைந்த செலவில் ஏற முடிகிறது. நல்ல அறை எடுத்தால் விலை அவ்வளவு குறைவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காயல் இல்லாததால் பல இடங்களில் சிறு படகில்தான் கரையேற வேண்டும், படகு மேலும் கீழும் ஆடும்போது மாலுமி கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். வழியில் வரும் டுவாமோட்டு தீவுக்கூட்டத்துக்கும் மார்க்கெசஸுக்கும் நடுவே நாள் முழுக்கத் திறந்த கடல், வாந்தி வருகிறவர்கள் மாத்திரையோடு போங்கள். நோனோ என்ற சின்னக் கடிப்பூச்சி சில கடற்கரைகளில் பாடாய்ப் படுத்தும். ஊர்ச் சாப்பாடு என்றால் மண் அடுப்பில் வெந்த பன்றி, ஆட்டுக்கறி, தேங்காய்ப்பாலில் ஊறிய பச்சை மீன், சீமைப்பலா. சைவக்காரர்கள் புக் செய்யும்போதே எழுதிச் சொல்லிவிடுங்கள், பால் கோகனில் இந்தக் கவலை குறைவு. அரானுயில் பிரெஞ்சுக்காரர்கள் அதிகம், ஆங்கிலத்திலும் விளக்குவார்கள்.

என் முடிவு: தேனிலவு, அறுபதாம் கல்யாணம், ஒரு வாரம் ஓய்வு, நீச்சல் என்றால் பால் கோகன், யோசிக்கவே வேண்டாம். அவ்வளவு தூரம் போவது வாழ்க்கையில் ஒரே முறைதான் என்றால் அரானுய். நீலக் காயல் உலகில் வேறு இடங்களிலும் கிடைக்கும், மாலத்தீவு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மார்க்கெசஸ் ஊர்களுக்குள் இப்படி நுழைய வேறு நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

காலம் மே முதல் அக்டோபர் வரை நல்லது, மழை குறைவு. ஆகஸ்டுக்குப் பிறகு போனால் மூரியா பக்கம் கூனல் திமிங்கிலங்களும் தென்படும். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஐரோப்பாவுக்கான வழக்கமான ஷெங்கன் விசா மட்டும் பெரும்பாலும் போதாது, பிரெஞ்சு பாலினேசியாவுக்குச் செல்லும் என்று தனியாக வாங்க வேண்டும், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. விசா கையில் வந்த பிறகே திருப்பித் தராத டிக்கெட்டுகளில் பணத்தைப் போடுங்கள். அரானுய் எடுத்தும் காயல் ஆசை தீரவில்லை என்றால் பப்பேட்டேயில் இறங்கி படகேறுங்கள். அரை மணியிலிருந்து முக்கால் மணியில் மூரியா, அங்கே குடும்பங்கள் நடத்தும் சின்ன விடுதிகள் நிறைய, வாசலிலேயே காயல்.