அறிவியல் இணையதளங்களின் வடிவமைப்பு: நான் பார்ப்பது எதை?

அறிவியல் பாடம் சொல்லும் தளங்களோடு பல வருடப் பழக்கம். முகப்புப் பக்கத்தின் பளபளப்பை நான் கணக்கில் எடுப்பதில்லை. நேராக உள்ளே போய் பாடப் படங்களைத்தான் பார்ப்பேன்.

எந்தத் தளமானாலும் முதலில் திறப்பது பருவகாலங்கள் பற்றிய பக்கத்தை. பூமியின் பாதை கிட்டத்தட்ட வட்டம். வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் மையப்பிறழ்ச்சி வெறும் 0.017 (சரியான வட்டத்துக்கு 0). ஆனால் பல படங்களில் அது முட்டை மாதிரி நீண்டு கிடக்கும். பக்கவாட்டுக் கோணத்தில் வரைந்தோம் என்று வரைந்தவர் சமாதானம் சொல்லலாம். பார்க்கிற பிள்ளையோ, சூரியனுக்குப் பக்கத்தில் போனால் கோடை, தள்ளிப் போனால் குளிர் என்று முடிவுகட்டிவிடும். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், வட அரைக்கோளம் குளிரில் இருக்கும்போது. பருவங்களுக்குக் காரணம் அச்சின் 23.4 டிகிரி சாய்வு. இதைக் கீழே நாலு பத்தியில் விளக்கியிருப்பார்கள், சரி. ஆனால் படம்தானே முதலில் மனதில் பதிகிறது?

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் ஃபெட் (PhET) தளம். இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதில் மின்சுற்று கட்டும் பயிற்சியைத் திறந்து பாருங்கள். அலங்காரம் என்று எதுவுமே இல்லை. பேட்டரி, பல்பு, கம்பி இவற்றை இழுத்துப் போட்டு இணைத்தால், கம்பிக்குள் நீல உருண்டைகளாக எலக்ட்ரான்கள் நகரும். மின்தடையைக் கூட்டினால் அவற்றின் வேகம் குறைவது கண்ணுக்கே தெரியும். மின்னோட்டம் எல்லை மீறினால் பேட்டரியில் தீப்பிடிக்கும்! வேடிக்கைதான், ஆனால் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) என்றால் என்ன என்பதையும் அந்தத் தீயே சொல்லிவிடுகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் அதே சுற்று பாடப்புத்தகக் குறியீடுகளாக மாறும். அங்கே அசைகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஓரத்தில் ராக்கெட் பறக்கவிடும் தளங்களில் நான் தேடுவதும் அந்தக் காரணத்தைத்தான்.

ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் தளமான ஹைப்பர்பிசிக்ஸ் பார்வைக்குப் பழசு. ஆனாலும் அடிக்கடி போகிறேன். ஒரு கருத்து எதோடு எதோடு தொடர்புடையது என்பதை வரைபடமாகவே காட்டிவிடுவதால், ஒன்றைத் தேடிப் போய் இன்னொன்றைக் கற்றுக்கொண்டு வரலாம். 1995-லிருந்து வரும் நாசாவின் தினம் ஒரு வானியல் படமும் இந்த ரகம்தான்: மேலே படம், கீழே விளக்கம், அவ்வளவே.

அப்புறம் நிறம். கறுப்பு நட்சத்திரப் பின்னணியில் சாம்பல் எழுத்து போடும் மோகம் எப்போது ஒழியுமோ! சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. வரைபடத்தில் சிவப்புக் கோட்டையும் பச்சைக் கோட்டையும் நிறத்தை மட்டும் நம்பி வேறுபடுத்தினால், நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியலாம். ஒன்றைப் புள்ளிக்கோடாகப் போட்டால் தீர்ந்தது.

விண்வெளியின் வாயு, தூசு மேகங்களான நெபுலாக்களின் படங்களுக்கும் நிறக்குறிப்பு வேண்டும். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்கள் பலவற்றில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று கொடுத்திருப்பார்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், நேரில் பார்த்தாலும் நெபுலா இதே நிறத்தில் இருக்கும் என்றுதான் மாணவர் நினைப்பார். இந்த வரியைப் படத்துக்கு அடியிலேயே போடும் தளத்துக்கு என் மதிப்பெண் தாராளம்.