நெஞ்செரிச்சல்காரனுக்கு ஸ்லீவா, பைபாஸா? ரெண்டு ஆஸ்பத்திரி ஏறி இறங்கிய அனுபவம்

எனக்கு 118 கிலோ. எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று கிளம்பினேன், ஸ்லீவ், பைபாஸ் என்பதெல்லாம் அதன் வகைகள். தக்கலைப் பக்கம் சின்னதாக ஒரு கடை, நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. ராத்திரி மரச்சீனியும் மீன்குழம்பும் தின்றுவிட்டுப் படுத்தால் ரெண்டு மணிக்குப் புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறி, இருமிக்கொண்டே எழுந்து உட்காருவேன். மூன்று தலையணை அடுக்கிப் பாதி உட்கார்ந்தபடிதான் ஆறு வருடத் தூக்கம்.

முதலில் போன ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பத்தே நிமிடத்தில் "ஸ்லீவ் பண்ணிடலாம், நாலாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம்" என்று பேக்கேஜ் தாளை நீட்டினார்கள். நெஞ்செரிச்சலைச் சொன்னதற்கு, எடை குறைந்தால் அதுவும் போய்விடும் என்றார்கள். தாளில் ரூம் வாடகை வரை இருந்தது, எண்டோஸ்கோபி மட்டும் இல்லை. வீட்டில் மயினி நர்ஸ், தாளைப் பார்த்ததும் "தம்பி, குழாய் விட்டுப் பாக்காம இவங்க எப்படி முடிவு பண்ணுனாங்க?" என்று கேட்டார். அதோடு அந்தத் தாள் கடை மேசைக்குள் போய்விட்டது.

அடுத்து திருவனந்தபுரம். இங்கே முதல் வேலையே எண்டோஸ்கோபி. வயிற்றின் மேல்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுப் பக்கம் ஏறியிருந்தது, ஹையாட்டஸ் ஹெர்னியாவாம். உணவுக்குழாயிலும் புண். அப்புறம் மூக்கு வழியாக மெல்லிய வயர் விட்டு 24 மணி நேரம் அமிலத்தை அளந்தார்கள். அந்தக் கோலத்தில் வெளியே சாயா குடிக்கப் போனேன், கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காசே வாங்கவில்லை.

டாக்டர் ரிப்போர்ட்டின் பின்பக்கம் படம் வரைந்தார். ஸ்லீவில் வயிற்றின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை விடுவார்கள். (எந்தப் பழம் என்று கேட்டேன், நேந்திரன் என்றார்.) குழாய் குறுகல் என்பதால் உள்ளே அழுத்தம் கூடும், வயிற்றிலிருந்து குடலுக்குப் போகும் கீழ்வாசல் அப்படியே இருப்பதால் அமிலம் மேலே தள்ளப்படும், நெஞ்செரிச்சலே இல்லாதவர்களுக்குக்கூட புதிதாக வருவதுண்டு, வெட்டி எடுத்ததைத் திரும்ப ஒட்டவும் முடியாது. பைபாஸில் ஏறக்குறைய 30 மில்லி பை ஒன்றை மட்டும் மேலே விட்டு அதைச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். மிச்ச வயிறு உள்ளேயே இருந்தாலும் அதன் அமிலமும் பித்தமும் ரொம்பக் கீழே போய்த்தான் சேரும், மேலே வர வழி குறைவு. குடலை ஒரே இடத்தில் மட்டும் இணைக்கும் மினி பைபாஸ் ஆகாதா என்றேன், அதில் பித்தம் மேலேறலாம், உங்கள் உணவுக்குழாய்க்கு வேண்டாம் என்றார். பைபாஸ், கூடவே ஹெர்னியா ரிப்பேர் என்று முடிவானது.

'பைபாஸ்' என்று கேட்டதும் தெருவே ஹார்லிக்ஸோடு வந்து என் இதயத்தை விசாரித்தது தனிக் கதை.

எட்டு மாதம் ஆச்சு, 31 கிலோ குறைந்திருக்கிறது, ஒரே தலையணை. சும்மா கிடைக்கவில்லை. பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும் உண்டு. முட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போடக்கூடாது, இணைத்த இடத்தில் புண் வரும், பாரசிட்டமாலோடு சரி. சொந்தக்காரர் கல்யாணத்தில் அரை டம்ளர் அடைப்பிரதமன் குடித்தேன், கால் மணி நேரத்தில் வேர்த்துக்கொட்டி நெஞ்சு படபடத்து மண்டபத்துப் பெஞ்சில் படுத்துவிட்டேன். இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கினால் அப்படித்தான் செய்யும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள், நான்தான் கேட்கவில்லை.

டாக்டருக்கு ஐந்துக்கு ஐந்து. காத்திருக்க வைப்பதற்கு ஒன்றைக் கழிக்கலாம், போனால் ஒரு பகல் போச்சு. டயட்டீஷியனுக்கு ரெண்டுதான். ஓட்ஸ், புரோக்கோலி என்று ஒரு தாள் கொடுத்தார், சாளை மீன் அவித்துத் தின்னலாமா என்றால் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர்தான். நான் தின்ன ஆரம்பித்து மாதம் ஏழாகிறது.