160 கோட்டிலிருந்து 1,600 கோட்டுக்கு: ‘கிரவுச்சிங் டைகர்’ 4கே டிஸ்க்

ஆங் லீயின் ‘கிரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ படத்தின் 4கே டிஸ்க்கை வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் ‘4கே’யை நம்பி வாங்கினால் கொஞ்சம் ஏமாற்றம்தான். உள்ளே இருக்கும் கறுப்புக்காக வாங்குங்கள். இந்தப் படத்தின் உயிர் இரவுக் கூரைகளிலும் மலை மூட்டத்திலும் மூங்கில் பச்சையிலும் இருக்கிறது. அந்த மூன்றிலும்தான் பழைய டிஸ்க்குகள் சறுக்கின.

2000ஆம் ஆண்டு வந்த வாள்சண்டைப் படம், 2 மணித்தியாலம், மண்டரின் மொழி. கிடைத்த நான்கு ஒஸ்கார்களில் ஒன்று பீற்றர் பௌவின் ஒளிப்பதிவுக்கு, இன்னொன்று டான் டுன்னின் இசைக்கு. பிலிமில் எடுத்த படத்தை சோனி 4கேயில் புதுப்பித்து 2016இல் டிஸ்க்காகக் கொண்டுவந்தது.

முதலில் கோட்டுக் கணக்கு, அதாவது படத்தை மேலிருந்து கீழாக அடுக்கிவரும் படுக்கைக் கோடுகள் எத்தனை என்பது. படத்தின் அகலம் உயரத்தைப்போல ஏறக்குறைய 2.4 மடங்கு. விசிடி காலத்தில் 288 கோடு. அதிலும் பழைய சதுரப் பெட்டிக்காக மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டுப் பதிந்தால் படத்துக்கு மிஞ்சியது 160 கோடு. டிவிடியில் 427, ப்ளூ-ரேயில் 800, 4கே டிஸ்க்கில் 1,600. விசிடியில் நடிகை மிஷெல் யோவின் முகத்தில் மூக்கும் கண்ணும் இருந்தது தெரிந்ததே பெரிய காரியம்.

ஆனால் 800இலிருந்து 1,600க்குப் போகும் பாய்ச்சல் உங்கள் ஹோலில் கண்ணுக்குத் தெரியுமா என்பது செற்றி எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. 55 அங்குல ரீவியின் திரை உயரம் 68 சென்ரிமீற்றர். நல்ல பார்வை உள்ள ஒருவருக்கு அந்த உயரத்தின் மூன்று மடங்குக்கு, அதாவது ஏறக்குறைய 2 மீற்றருக்கு அப்பால் போனால் ப்ளூ-ரேயின் கோடும் 4கேயின் கோடும் ஒன்றுதான். எங்கள் வீடுகளில் ரீவி ஒரு சுவரிலும் செற்றி எதிர்ச் சுவரிலும் பத்தடி தள்ளிக் கிடக்கும். அந்தத் தூரத்தில் கூடுதல் கோடுகளுக்குக் கொடுத்த காசு காற்றோடு போச்சு. ஒரு கதிரையை ஐந்தடிக்கு இழுத்துப் போட்டுப் பாருங்கள், பட்டுத்துணியின் நெசவும் பிலிமின் மணிமணியான துகளும் அப்போதுதான் தெரியவரும். அந்தத் துகளைப் பழுது என்று நினைக்க வேண்டாம். பிலிமில் எடுத்த படத்துக்கு அது தோல் மாதிரி.

பத்தடியிலும் தெரிவது நிறமும் இருட்டும். ப்ளூ-ரேயில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிற், அதாவது 256 படி. 4கே டிஸ்க்கில் 10 பிற், 1,024 படி. வுடாங் மலையில் வெள்ளை மூட்டம் மெல்ல மெல்லச் சாம்பலாக மாறும் இடத்தில், படி குறைந்தால் மூட்டம் தேசப்படத்தில் உயரக்கோடு போட்டது மாதிரி வளையம் வளையமாகப் பிரியும். 4கே டிஸ்க்கில் அது மூட்டமாகவே இருக்கிறது.

வாள் களவுபோகும் இரவுத் துரத்தல்தான் முழுப் பரீட்சை. கறுப்பு உடுப்புப் போட்ட கள்ளர், கறுப்புக் கூரை ஓடு, கருநீல வானம். டிவிடியில் மூன்றும் ஒரே சேற்றுக் கட்டி, அசைவு வந்தால் சதுரம் சதுரமாக உடையும். 4கே டிஸ்க்கின் எச்டிஆர், அதாவது இருட்டையும் வெளிச்சத்தையும் கூடுதல் அகலமாகக் காட்டும் முறை, வந்த பிறகு உடுப்புக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு விளிம்பு பிறக்கிறது. யார் எந்தச் சுவரில் காலை ஊன்றி எழும்புகிறார் என்பது தெரிகிறது, யுவென் வூ-பிங் அமைத்த சண்டையின் கணக்கும் அதனால்தான் புரிகிறது.

இதற்கு ரீவியும் ஒத்துழைக்க வேண்டும். ‘எச்டிஆர்’ ஸ்ரிக்கர் ஒட்டிய மலிவு செற் எல்லாம் எச்டிஆர் அல்ல. ரீவியின் திரைப் பனல் என்ன வகை என்று பாருங்கள்: ஐபிஎஸ் பனலின் கறுப்பு சாம்பல் கலந்த கறுப்பு. விஏ பனல் அதைவிட மூன்று நான்கு மடங்கு ஆழம், ஓஎல்ஈடி முழுக் கறுப்பு. கடையில் பளிச்சென்று ஓடும் பூ, மீன் வீடியோவைப் பார்த்து எதையும் தீர்மானிக்காதீர்கள். மேலும் கீழும் பட்டை உள்ள ஒரு படத்தைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டு, அந்தப் பட்டை கறுப்பாக இருக்கிறதா, சாம்பலாக மினுங்குகிறதா என்று பாருங்கள். பட்டை மினுங்கினால் இரவுத் துரத்தலும் அப்படித்தான் இருக்கும். வெளிச்சம் குறைந்த செற்றில் எச்டிஆர் படம் மங்கலாக வரும். அப்படி வந்தால் சாதாரண ப்ளூ-ரேயைப் போடுவதே மேல்.

இனிக் குறைகள். நடிகர்களைத் தூக்கிய கம்பிகளைக் கணினியில் அழித்தார்கள். அப்படிக் கைபட்ட காட்சிகள் அந்தக் காலத்து டிஜிற்றல் வேலையின் அளவோடு நின்றுவிட்டவை, நெகட்டிவை எத்தனை தரம் ஸ்கான் செய்தாலும் அவற்றுக்குக் கூடுதல் விபரம் வராது. அதனால் பறக்கும் சில இடங்களில் படம் திடீரென்று கொஞ்சம் மென்மையாகும், அடுத்த வெட்டில் மறுபடி கூராகும். டிஸ்க் பழுதென்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பெரிய சேதத்தைச் செய்வது ரீவியின் செற்றிங். எந்தப் புதுச் செற்றும் அசைவை வழவழப்பாக்கும் வசதியோடு வருகிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் மோஷன் பிளஸ், சோனியில் மோஷன்ஃபுளோ. நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) உள்ள படத்துக்கு இடையிடையே ரீவி தானே சட்டம் வரைந்து சொருகும். மூங்கில் நுனியில் சௌ யுன்-ஃபாட்டும் ஜாங் ஸியியும் ஆடி ஆடிச் சண்டை பிடிக்கும் காட்சியில் அதைப் போட்டுப் பாருங்கள்: காற்றில் மிதக்கும் இரண்டு பேர் கயிற்றில் தொங்கும் இரண்டு பேராக மாறுவார்கள், படம் மத்தியானச் சீரியல் மாதிரி வழுக்கும், வாளைச் சுற்றியும் இலைகளைச் சுற்றியும் கானல் ஆடும். முற்றாக நிறுத்துங்கள். பட மோட் ‘பிலிம்மேக்கர்’, இல்லையென்றால் ‘சினிமா’. கூர்மை பல செற்களில் 0, சோனி செற்றில் 50தான் நடுநிலை. இரைச்சல் குறைப்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள், அது பிலிம் துகளோடு சேர்த்து மூங்கில் இலையையும் வழித்துவிடும்.

இன்னொன்று பலர் தவறவிடுவது: பிளேயர் செருகிய எச்டிஎம்ஐ வாயிலை ரீவி மெனுவில் தனியாகத் திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்ட் ஃபோர்மற்’. திறக்காவிட்டால் எச்டிஆர் வராது, நீங்கள் பார்ப்பது சாதாரணப் படம். இடையிடையே வெள்ளைப் புள்ளி மினுங்கினாலோ இரண்டு நொடி திரை கறுத்தாலோ வயரை மாற்றுங்கள். 18 ஜிகாபிற் தாங்கும் இரண்டு மீற்றர் வயர் போதும்.

சத்தத்தில் டிவிடிக்கும் இதற்கும் உள்ள தூரம் இன்னொரு விதம். எங்கள் பக்கத்துக்கு வந்த பால் (PAL) என்ற ரீவி முறை டிவிடி, நொடிக்கு 24 சட்டத்தை 25ஆக ஓடவிடும். 120 நிமிடப் படம் 115 நிமிடத்தில் முடியும், வழக்கமாகச் சுருதியும் கொஞ்சம் மேலே ஏறிவிடும். யோ-யோ மாவின் செல்லோ அதனால்தான் மெலிந்து கேட்டது. 4கே டிஸ்க்கில் சரியான வேகமும் சரியான சுருதியும் கிடைக்கின்றன. இரவுத் துரத்தல் முழுக்கப் பறை மாதிரித் தோல் முழக்கம். பயிற்சிக் கூடச் சண்டையில் ஆயுதம் மாறுந்தோறும் இரும்பின் ஒலியும் மாறும். ரீவியின் சொந்த ஸ்பீக்கரில் இரண்டும் தகரம். ஒரு சவுண்ட்பாராவது வையுங்கள். ஆங்கில டப்பிங் பக்கம் போகவே வேண்டாம்.

டிஸ்க் இங்கே இலங்கையில் கடையில் கிடைக்கும் சாமான் அல்ல. ரொரன்ரோ, லண்டன் சொந்தக்காரர் வரும்போது பெட்டியில் வரவேண்டியது. அதில் ஒரு நல்ல செய்தி, 4கே டிஸ்க்குக்குப் பிரதேசப் பூட்டு கிடையாது, எங்கே வாங்கினாலும் ஓடும். ப்ளூ-ரேக்கு உண்டு: கனடா ஏ, இங்கிலாந்து பி, இலங்கை சி. ஒரே பெட்டியில் இரண்டு டிஸ்க்கும் வந்தால், ப்ளூ-ரே டிஸ்க் பூட்டோடு இருந்து உங்கள் பிளேயர் ஏற்காமல் போகலாம். சோனியின் விளையாட்டுப் பெட்டியான பிஎஸ்5இன் டிஸ்க் வகை 4கே டிஸ்க்கை ஓட்டும், பிஎஸ்4 புரோ ஓட்டாது. விற்கிறவர் என்ன சொன்னாலும் ஓட்டாது.

பிளேயரையும் கனடாவிலிருந்து கொண்டுவருவதென்றால் முதலில் பின்பக்கத்து எழுத்தைப் படியுங்கள். ‘100–240 வோல்ற்’ என்றிருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். ‘120 வோல்ற்’ மட்டும் இருந்தால், எங்கள் 230இல் குத்திய நொடியே புகை. பிளக் அடாப்ரர் வோல்ற்றைக் குறைக்காது, ஸ்ரெப்-டவுன் ட்ரான்ஸ்போமர்தான் வேண்டும். பிளேயருக்கு 100 வாற் தாராளம். லண்டன் பிளேயரில் இந்தத் தலையிடி இல்லை. படம் நடுவில் கரண்ட் போனால் ஒழுங்காக நிறுத்திவைக்க ஒரு சிறிய யுபிஎஸ் நல்லது. ஐப்பசி இடி முழக்கத்தில் யுபிஎஸ்ஸை நம்பாமல் பிளக்கையே கழற்றிவிடுங்கள், கேபிள் வயரையும் சேர்த்து.

இவ்வளவு பாடு எதற்கு, பென் டிரைவில் ‘ஏஐ 4கே’ கொப்பி கிடைக்கிறதே என்பார்கள். 2 மணித்தியாலப் படம் 5 ஜிகாபைற்றில் என்றால் நொடிக்கு ஐந்தரை மெகாபிற். அது டிவிடியின் உச்ச அளவான 9.8ஐ விடவும் குறைவு. புதிய சுருக்கமுறை கெட்டிக்காரத்தனமானதுதான், ஆனாலும் ஆயிரக்கணக்கான மூங்கில் இலை ஒன்றாக அசையும்போது அந்த அளவு போதாது. மிச்சத்தைக் கணினி ஊகித்து வரைகிறது. முகங்கள் மெழுகாகும், இலைகள் தூரிகையால் தீட்டியதுபோல் ஒட்டிக்கொள்ளும், துகள் ஒன்றும் இராது. நல்ல டிவிடி அதைவிட நேர்மையானது.

இணையத்தில் முறையாகக் கிடைக்கும் 4கே ஓட்டம் நடுவில் நிற்கிறது. பகல் காட்சியில் டிஸ்க்கோடு போட்டி போடும், இரவுக் கூரையில் பின்தங்கும். ஃபைபர் இணைப்பில் 25 மெகாபிற் நிலையாக வராத மாலைநேரத்தில் அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் கோட்டைக் குறைத்துவிடும்.

டிஸ்க்கில் தமிழ் உபதலைப்பு இல்லை, ஆங்கிலத்தைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். எச்டிஆரில் அந்த வெள்ளை எழுத்து இரவுக் காட்சியில் டோர்ச் அடித்தது மாதிரிக் கண்ணைக் குத்தும். பனசோனிக் யுபி820 பிளேயரில் உபதலைப்பின் வெளிச்சத்தைத் தனியே குறைக்கலாம். அந்த வசதி இல்லாதவர்கள் ஹோலை முழு இருட்டாக்காமல், ரீவியின் பின்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு சிறிய லைற்றை விட்டுவைக்கலாம். கண் அவ்வளவு விரியாது, எழுத்தும் அவ்வளவு குத்தாது.