கையிலிருந்து ஒரு ரூபாய் வேண்டாம் என்று சொல்லி வீடு விற்றால்

சென்னைக்குத் தெற்கே கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், மறைமலை நகர் பக்கம் ஃபிளாட் பார்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். 2021 ஆகஸ்டில் நான் வாங்கிய வீட்டின் கதை இது. பில்டர் பெயரையும் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரையும் எழுதவில்லை. இதே வேலையைப் பல இடங்களில் செய்கிறார்கள்.

ஸ்டேஷனிலிருந்து உள்ளே நான்கு கிலோமீட்டர், 850 சதுர அடி, விலை 41 லட்சம். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டால் விலை எங்கேயோ போய்விடும் என்றார்கள். எங்களிடம் பத்திரப்பதிவுச் செலவு போக ஒரு லட்சம்தான் மிச்சம். அதைச் சொன்னதும் பில்டர் ஆபீசிலேயே உட்கார்ந்திருந்த லோன் ஏஜென்ட், "கவலையே படாதீங்க சார், அந்த ஒரு லட்சம் போதும். அதுக்கு மேல கையில இருந்து ஒரு ரூபாய் வேண்டாம்" என்றார்.

அவர் செய்தது இதுதான். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக்கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 41 லட்சம் வீட்டுக்கு 40 லட்சம் கடன் வாங்க முடியாது. அதனால் ஒப்பந்தத்தில் விலையை 50 லட்சம் என்று போட்டார்கள். மீதி 10 லட்சத்தை நான் ஏற்கெனவே பில்டரிடம் கட்டிவிட்டதாக ஒரு ரசீது. 50 லட்சத்தில் 80 சதவீதம், சரியாக 40 லட்சம்.

"நாம 41-க்குத்தானே வாங்கறோம், 50-ன்னு ஏன் எழுதறாங்க?" என்று என் மனைவி அங்கேயே கேட்டாள். "இதெல்லாம் ஃபார்மாலிட்டி மேடம், எல்லாரும் பண்றதுதான்" என்று பதில் வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அவள் கேட்டதற்கு அன்றைக்கு நான் காது கொடுத்திருக்க வேண்டும்.

நான் நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. கடன் கொடுப்பவர்கள் வீட்டை மதிப்பிட தங்கள் வேல்யூவரை அனுப்புகிறார்கள், அந்தக் கட்டணத்தை நம்மிடம்தான் வாங்குகிறார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு 50 லட்சம் பெறும் என்று எழுதியிருந்தால் வீடு அவ்வளவு பெறும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? மறைந்திருந்த லாபம் பிறகுதான் புரிந்தது. கடன் தொகைக்கு ஏற்பத்தான் ஏஜென்ட்டுக்கு கமிஷன். பில்டருக்கு வீடு விற்றால் சரி. கடன் கொடுத்தவர்கள் ஒரு இன்சூரன்ஸையும் என் தலையில் கட்டினார்கள். அதையும் கட்டாயம் என்றுதான் சொன்னார்கள். கட்டாயம் இல்லை.

ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்து 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. 7.25-இல் ஆரம்பித்த என் வட்டி 9.5 ஆனது. தவணையை ஏற்றவில்லை, காலத்தை நீட்டிவிட்டார்கள். ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்த்தால் 31,600 ரூபாய் தவணையில் சுமார் 800 ரூபாய்தான் அசலுக்குப் போயிருக்கிறது. பயந்துபோய், குறைந்த வட்டிக்கு வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம் என்று போனேன்.

அங்கேதான் உண்மை வெளியே வந்தது. அந்த வங்கியின் வேல்யூவர் ஒரு மணி நேரம் இருந்தார், டேப் வைத்து அளந்தார், பக்கத்தில் விசாரித்தார். 34 லட்சம் என்று எழுதினார். 80 சதவீத விதி 30 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குத்தான் என்பதால், அந்த மதிப்புக்கு அதிகபட்சம் 30 லட்சம்தான் தருவோம் என்றார்கள். எனக்குப் பாக்கி கிட்டத்தட்ட 39 லட்சம். நடுவில் இருக்கும் 9 லட்சத்துக்கு நான் எங்கே போவேன்? அப்புறம் விசாரித்தால், எங்கள் பிளாக்கிலேயே, அதே அளவு வீட்டை எனக்கு இரண்டு மாதம் கழித்து ஒருவர் கடன் வாங்காமல் 33 லட்சத்துக்கு வாங்கியிருக்கிறார்.

எனக்குக் கடன் கொடுத்த நிறுவனத்திடம் முதல் வேல்யூவேஷன் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டேன். அது உள் ஆவணம், தர முடியாது என்றார்கள். குறைதீர் அதிகாரிக்கு இரண்டு முறை எழுத்தில் போட்ட பிறகு கிடைத்தது. ஸ்டேஷன் ஒரு கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள். ஒப்பிட்ட வீடுகள் ஜி.எஸ்.டி. சாலை என்ற நெடுஞ்சாலையை ஒட்டியவை. கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு, என்று 850-ஐப் போட்டிருக்கிறார்கள். கட்டுமானத் திட்டங்களைப் பதிவு செய்யும் அரசு ஆணையமான ரெராவின் தளத்தில் இதே வீட்டுக்கு 590 என்று இருக்கிறது. போட்டோவெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்று எடுத்தது.

இதையெல்லாம் எழுதிப் புகார் கொடுத்தேன். பதில் இரண்டு வரி: ஒப்பந்த விலை 50 லட்சம் என்று நீங்களே கையெழுத்திட்டிருக்கிறீர்கள், 10 லட்சம் கட்டியதற்கு உங்கள் ரசீதே இருக்கிறது. வக்கீலைப் பார்த்தேன். வழக்குப் போட்டால் பொய் ரசீதில் என் கையெழுத்தும் கேள்விக்கு வரும் என்றார். அந்த 50 லட்சம் எனக்குச் செய்த உதவி இல்லை, பிறகு நான் வாய் திறக்காமல் இருப்பதற்கான பூட்டு.

நீங்கள் வாங்கும் முன் ரெரா தளத்தில் கார்ப்பெட் ஏரியாவைப் பாருங்கள். அதே பிளாக்கில் குடியிருப்பவர்களிடம் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று கேளுங்கள். பில்டருக்கும் கடன் கொடுப்பவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு வேல்யூவருக்குச் சில ஆயிரம் கொடுத்து மதிப்பு வாங்குங்கள். நான் அதைச் செய்திருந்தால் 41 லட்சத்துக்கே ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். கொடுக்காத பணத்துக்கு ரசீதில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் முதலில் கடன் கொடுத்தவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வங்கியாக இருந்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம், 14448-இல் விவரம் சொல்வார்கள். வீட்டுக்கடன் நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியிடம் போக வேண்டும். என் புகார் இப்போது அங்கேதான் இருக்கிறது.

அதே ஏஜென்ட் இப்போது பக்கத்து மனையில் எழும்பும் இரண்டாவது பிளாக்குக்கு ஆள் கூட்டிவருகிறார். போன ஞாயிறு ஒரு இளம் தம்பதி எங்கள் மாடிப்படியில் நின்று, "அண்ணா, இங்க வீடு எப்படி, என்ன விலைக்கு வாங்கினீங்க?" என்று கேட்டார்கள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக் காட்டினேன்.