நாடா சுற்றியதெல்லாம் ஒட்டுக்கன்று இல்லை

ஐப்பசி மழை விழுந்ததும் மாங்கன்று ஏற்றிய வண்டிகள் ஊருக்குள் வர ஆரம்பித்துவிடும். 2018-இல் அப்படி மானாமதுரைப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்த ஒரு மினி லாரியில்தான் ஏமாந்தேன்.

"பங்கனப்பள்ளி ஒட்டுண்ணே, மூணாவது வருசமே காய்ப்பு" என்றார் அந்த ஆள். ஒட்டு என்றால், கொட்டை போட்டு முளைத்த கன்றின் தண்டில் நல்ல ரக மரத்தின் குச்சியைச் சேர்த்து நாடாவால் கட்டி வளர்த்தது. கன்று 180 ரூபாய். சரளை கலந்த செம்மண் ஒரு ஏக்கருக்கு 60 கன்று இறக்கினேன். எல்லாத் தண்டிலும் ஒரு சாண் உயரத்தில் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்தது. பில் கேட்டதற்கு, அடுத்த லோடு வரும்போது தருகிறேன் என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

நாலு மாதம் கழித்து நாடாவை அறுத்தால் உள்ளே லேசான கத்திக் கீறல் மட்டும்தான் இருந்தது. ஒட்டு எவ்வளவு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று அன்றைக்குச் சந்தோஷம் வேறு பட்டேன்!

கன்றுக் காசு போனது பெரிதில்லை. மூன்று கோடைக்கும் டிராக்டர் டேங்கரில் தண்ணீர் வாங்கி, குடம் குடமாக ஊற்றியதுதான் வயிறு எரிகிறது. 2023 தையில் பக்கத்துத் தோப்பெல்லாம் பூத்து நின்றது. என்னுடையதில் வெறும் இலை. ஒட்டுக் கட்டிப் பழகிய பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தேன். நாலு மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே பட்டை. இதுல ஒட்டு எங்க தம்பி இருக்கு?" என்றார். அத்தனையும் கொட்டைக்கன்று, அதாவது ஒட்டுக் கட்டாமல் கொட்டையிலிருந்து முளைத்தபடியே வளர்ந்தவை. கொட்டைக்கன்று காய்க்க ஏழெட்டு வருடம் கூட ஆகும். காய்த்தாலும் தாய் மரத்தின் ருசி வரும் என்று சொல்ல முடியாது. வண்டிக்காரர் நம்பரோ எப்போதோ செத்துப்போயிருந்தது.

வாங்குகிறவர்கள் நாடாவைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். நிஜ ஒட்டில் அந்த இடம் லேசாகப் புடைத்து, சற்றே கோணி இருக்கும். மேல் பட்டையும் கீழ் பட்டையும் நிறத்திலோ சொரசொரப்பிலோ வேறுபடும். பிரிக்க விடாதவரிடம் வாங்க வேண்டாம். கூடவே பையை ஒன்றிரண்டு கிழித்து, வேர் சுருண்டு கிடக்கிறதா என்றும் பாருங்கள். நான் இப்போது அரசு தோட்டக்கலைப் பண்ணையில் பில்லோடுதான் வாங்குகிறேன்.

பெரியவர் சொன்னபடி மரங்களின் தலையை வெட்டிவிட்டு, புதுத் துளிர் வந்ததும் மழை ஈரத்தில் பங்கனப்பள்ளிக் குச்சி வைத்து ஒட்டினோம். 44 பிடித்தது. மீதி 16-ஐ அப்படியே விட்டுவிட்டேன். இந்த வருடம் அதில் இரண்டு காய்த்தன. புளிப்பென்றால் அப்படியொரு புளிப்பு, ஊறுகாய்க்குத்தான் ஆனது.