18,500 ரூபாய் போச்சு: காற்றுக்கொடி வாங்குகிறவர்கள் கவனம்

போன சனிக்கிழமை காற்றுக்கொடிப் பார்சல் வந்தது, துப்பாக்கி சுடும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க நடுகிற கொடி. நேற்று இரவு விற்றவர்கள் என்னை புளொக் பண்ணிவிட்டார்கள். அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன்.

நான் 50 மீற்றர் ரைபிள் சுடுகிறவன். கிளப் கொழும்புப் பக்கம், வீடு யாழ்ப்பாணம். அந்தத் தூரத்தில் 10 புள்ளி வட்டம் வெறும் 10.4 மில்லிமீற்றர். அந்த ரைபிளின் பொயின்ற் 22 (0.22 அங்குல) சன்னம் மெதுவாகப் போவது, பக்கக் காற்று லேசாகத் தள்ளினாலே 10 போய்விடும். சர்வதேசப் போட்டிகளில் சொந்தக் கொடி நட விடமாட்டார்கள், சுடும் இடத்திலிருந்து 10 மீற்றரிலும் 30 மீற்றரிலும் அவர்கள் கட்டிய துணிதான். ஆனால் காற்றைப் படித்துப் பழக, பயிற்சிக்கு நல்ல கொடி வேண்டும்.

வட்ஸ்அப்பில் ஓடர் எடுக்கிற ஒரு விளையாட்டுச் சாமான் கடை. விலை கேட்டதும் அந்தப் பொடியன் திருப்பிக் கேட்டான், "எத்தனை மீற்றர் அண்ணா? படுத்துச் சுடுறதா, மேசையில வைச்சுச் சுடுறதா?" அதில்தான் விழுந்தேன். விஷயம் தெரிந்தவன் என்று நினைத்துவிட்டேன். பிறகு ஒரு வீடியோ: பெயாரிங்கில் கொடி வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, முன்னால் காற்றாடி சுற்றுகிறது, பின்னால் மெல்லிய ரிப்பன் வால். நாலு கொடிக்கு 18,500 ரூபாய், முழுக்க முற்பணம். அன்றைக்கே வங்கியில் போட்டு சிலிப்பை அனுப்பினேன்.

வந்ததில் பெயாரிங்கே இல்லை. பிளாஸ்ரிக்கில் துளை போட்டு ஓர் ஆணி. வால், தறப்பாளில் வெட்டிய துண்டு. வளவில் நட்டால் நாலும் நாலு பக்கம் பார்த்தன. தடியைக் கொஞ்சம் சரித்தால் மூக்குப் பாரத்தில் தாழ்ந்த பக்கமே போய் நிற்கும். காற்று எங்கே அடித்தால் அதற்கென்ன?

கேட்டேன். முதலில், "காற்றுக் காணாது அண்ணா." சோளகக் காற்றில் பக்கத்து வீட்டுச் சாரம் என் வேலியில் வந்து கிடக்கிறது, எனக்குக் காற்றுக் காணாதாம்! பிறகு, "எண்ணெய் விட்டுப் பாருங்கோ." பிறகு, "முதலாளி வெளியில, திங்கள் கதைப்பார்." திங்கள் நீலச் சரி மட்டும் விழுந்தது. செவ்வாய் அதுவும் இல்லை.

வல்வெட்டித்துறையில் பட்டம் கட்டும் தம்பி ஒருவனிடம் ஒன்றைக் காட்டினேன். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு முச்சை கட்டினாலும் ஏறாது அண்ணை" என்றான் (முச்சை என்றால் பட்டத்தை ஏற்றும் நூலைப் பிணைக்கிற கட்டு). 18,500 ரூபாய்க்கு அவனிடமே செய்வித்திருக்கலாம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன், இப்போது முடியாது. அச்சைக் கிடையாகப் பிடித்தால் கொடி விட்ட இடத்தில் நிற்க வேண்டும், தானாகச் சுழன்றால் வாங்காதீர்கள். வால் சின்னக் காற்றுக்கே எழும்ப வேண்டும். வீடியோவை நம்பாதீர்கள், ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். முழுக்காசும் முதலே கொடுக்காதீர்கள்.

வங்கி திறக்கிற நேரம். சிலிப்பையும் ஸ்கிரீன்ஷொட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.