கோல்ஃப் பந்துக் குழி போட்ட ஃபிலிம் ஒட்டினால் மைலேஜ் கூடுமா? – ஒட்டி ஓட்டிப் பார்த்த அனுபவம்

கோல்ஃப் பந்தில் இருப்பதுபோல் குழி போட்ட ஃபிலிமைக் காரில் ஒட்டினால் காற்றுத் தடை குறைந்து மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்கிறார்கள். பொறுமை இல்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைலேஜுக்காக இந்தக் குழி போட்ட ஃபிலிமை ஒட்டாதீர்கள். பெயின்டைக் கல்லடியிலிருந்து காப்பாற்ற என்றால் யோசிக்கலாம், அதற்கும் குழியில்லாத சாதா ஃபிலிமே போதும்.

என்னுடையது ஸ்விஃப்ட் பெட்ரோல். சென்னைக்கும் திருச்சிக்குமாக அடிக்கடி போய்வருவதால் ஹைவே ஓட்டம்தான் அதிகம். இந்த மாதிரி சோதனைக்கு அதுதான் வேண்டும், சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற வண்டிக்குக் காற்றுத் தடை ஒரு பொருட்டே இல்லை. சின்னச் சின்னக் குழிகளுள்ள வினைல் ஃபிலிம் ஆன்லைனில் கிடைத்தது. பானெட், கூரை, டிக்கி கதவு மூன்றிலும் ஒட்டினேன். கூரையின் பின் விளிம்பில், காற்றைச் சுழற்றிவிட வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் என்று விற்கிற சுறாத் துடுப்பு போன்ற பிளாஸ்டிக் துண்டுகளையும் வரிசையாக ஒட்டி, கோடை, ஆடி, மழை எல்லாவற்றிலும் ஓட்டியாயிற்று.

இந்த ஆசையைக் கிளப்பியது பலரும் பார்த்திருக்கக்கூடிய மித்பஸ்டர்ஸ் என்ற டிவி நிகழ்ச்சி, ஊரில் சொல்லும் நம்பிக்கைகளைச் செய்து பார்த்துச் சோதிப்பார்கள். 2009-இல் ஒரு ஃபோர்டு டாரஸ் முழுக்கக் களிமண் அப்பி ஓட்டினார்கள், அப்புறம் அதே களிமண்ணில் பெரிய பெரிய குழிகளாகத் தோண்டி, தோண்டிய மண்ணையும் எடை மாறக்கூடாது என்று வண்டிக்குள்ளேயே வைத்து மறுபடி ஓட்டினார்கள். கேலனுக்கு 26 மைல் கொடுத்த வண்டி 29.65 கொடுத்தது. நம் கணக்கில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் 12.6 ஆன மாதிரி. இதைப் பார்த்த எவனுக்கும் கை அரிக்கத்தான் செய்யும்.

ஒட்டிய பிறகு போட்ட முதல் ஃபுல் டேங்கில் மைலேஜ் கொஞ்சம் ஏறியது, ஆனால் அது ஃபிலிம் செய்த வேலை இல்லை. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் கால் தானாகவே ஆக்சிலரேட்டரில் லேசாகிவிடுகிறது, ஓவர்டேக் குறைகிறது, டிஸ்ப்ளேயில் ஓடும் மைலேஜ் எண்ணையே கண் பார்த்துக்கொண்டிருக்கிறது. புதுமை தேய்ந்ததும் எண் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. எப்போதும் ஒரே பெட்ரோல் பங்கில், பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பித்தான் கணக்குப் பார்க்கிறேன், அப்படியும் டேங்குக்கு டேங்க் லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் வரை ஏறி இறங்கும். ஆடி மாதக் காற்றில் திருச்சி நோக்கிப் போகும்போது ஒரு மைலேஜ், திரும்பும்போது வேறொரு மைலேஜ். இந்த ஆட்டத்துக்குள் ஒரு ஸ்டிக்கர் தருகிற ஓரிரு சதவீதத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அதனால் மைலேஜை விட்டுவிட்டுக் காற்றையே பார்க்கலாம் என்று கம்பளி நூல் வாங்கினேன். விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை மட்டும் டேப் போட்டு, கூரையிலும் பின் கண்ணாடியிலும் டிக்கி கதவிலும் வரிசையாக ஒட்டினேன். மச்சான் தன் வண்டியில் பின்னால் வர, அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் மனைவி செல்ஃபோனில் வீடியோ எடுத்தார். டோல்கேட்டில் ஒருவர் இது திருஷ்டிக்கா என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன், விளக்கினால் பின்னால் ஹாரன் அடிப்பார்கள். வீடியோவில் தெரிந்தது இதுதான்: கூரை மேல் உள்ள நூல்கள் கடைசி விளிம்பு வரை சமர்த்தாகப் பின்பக்கம் படுத்திருக்கின்றன. விளிம்பைத் தாண்டியதும் கண்ணாடியில் இருக்கிற நூலெல்லாம் பேயாடுகின்றன, சில முன்பக்கமே திரும்புகின்றன. ஃபிலிம் ஒட்டுவதற்கு முன்பும் இதே ஆட்டம், ஒட்டிய பிறகும் இதே ஆட்டம். துடுப்புகளைக் கழற்றினாலும் மாட்டினாலும் ஒன்றுதான்.

ஏன் என்று யோசித்தால் விஷயம் அங்கேயே இருக்கிறது. முதலில் கோல்ஃப் பந்துக்குக் குழி எதற்கு என்று பார்ப்போம். வழவழப்பான பந்தை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றடுக்கு பாதி வழியிலேயே பந்தை விட்டுப் பிரிந்துவிடும், பின்னால் அகலமான சுழல் உண்டாகி அதுதான் பந்தைப் பிடித்து இழுக்கும். குழி அந்த அடுக்கைக் கலக்கிவிடுகிறது. கலங்கிய காற்று இன்னும் கொஞ்ச தூரம் பந்தோடு ஒட்டிப் போவதால் சுழல் ஒடுங்கி இழுப்பு குறைகிறது. பந்தின் அளவும் வேகமும் அப்படி. அளவையும் வேகத்தையும் சேர்த்து, காற்று எவ்வளவு எளிதில் கலங்கும் என்று காட்ட ரெனால்ட்ஸ் எண் என்று ஒன்று சொல்வார்கள், அது கோல்ஃப் பந்துக்கு ஒன்றிரண்டு லட்சம்தான், வழவழப்பான பந்தில் காற்று தானாகக் கலங்க அது போதாது. நூறில் போகும் காருக்கு அதே எண் அறுபது எழுபது லட்சம். பானெட்டைத் தாண்டுவதற்குள் காற்று தானாகவே கலங்கிவிடுகிறது, அதைக் கலக்கக் குழி எதற்கு? பிரிகிற இடமும் கூரை முடியும் அந்தக் கூர் விளிம்புதான், அதை வடிவம் முடிவு செய்கிறது, ஃபிலிம் இல்லை. டாரஸ் கதை எப்படி என்றால், தடிமனான களிமண்ணில் அவ்வளவு பெரிய குழி தோண்டியதில் வண்டியின் வடிவமே மாறியிருக்கும் என்பது என் ஊகம். ஒரு மில்லிமீட்டர்கூட ஆழமில்லாத ஃபிலிமுக்கு அந்த முடிவைக் காட்டி விற்பதுதான் எரிச்சல்.

துடுப்புகள் முழுப் பொய் இல்லை. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனுக்கு அவற்றை விண்ட் டனலில் (காற்றை ஊதிச் சோதிக்கும் கூடத்தில்) வைத்து, கூரை முடியும் இடத்துக்குச் சற்று முன்னால் பொருத்தி, இழுவைக் கெழுவில், அதாவது வண்டியின் வடிவத்தைக் காற்று எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்று காட்டும் எண்ணில், 0.006 குறைத்ததாக 2004-இல் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அது செடான், பின் கண்ணாடி சரிந்து இறங்கும், காற்றை இழுத்து அதன் மேல் படுக்க வைக்க அங்கே வாய்ப்பு உண்டு. அத்தனை மெனக்கெட்டும் கிடைத்தது 0.006. நம் ஹேட்ச்பேக்கில் கண்ணளவாக ஒட்டும் துண்டுக்கு என்ன கிடைக்கும்?

சுறாத்தோல் மாதிரி நுண்கோடுகள் போட்ட ஃபிலிமும் அப்படித்தான். விமானப் பராமரிப்பு நிறுவனமான லுஃப்தான்சா டெக்னிக்கும் ரசாயன நிறுவனமான பிஏஎஸ்எஃப்பும் சேர்ந்து செய்த ஏரோஷார்க் ஃபிலிமில் உள்ள கோடுகள் 0.05 மில்லிமீட்டர் அளவு, போயிங் 777-இல் ஒட்டினால் எரிபொருள் சுமார் 1 சதவீதம் மிச்சம். விமானத்துக்குத் தோல் உராய்வே பெரிய செலவு, வருடத்துக்கு டன் கணக்கில் மிச்சமாகும். காரில் உராய்வின் பங்கு சிறிது, பெரும்பங்கு பின்னால் உருவாகும் சுழலும் சக்கரமும் கீழ்ப்பாகமும்தான். குழி ஃபிலிமை யாரும் கீழே ஒட்டுவதில்லை.

பராமரிப்பு பற்றிச் சொல்ல வேண்டும். குழியில் தூசி தங்குகிறது, போர் தண்ணீரில் கழுவினால் உப்புக் கறை ஒவ்வொரு குழியிலும் வெள்ளைப் புள்ளியாக நிற்கிறது. வண்டி கழுவ வருகிற அண்ணன் இரண்டாம் வாரமே சம்பளம் கூட்டிக் கேட்டார், நியாயம்தான். வெயிலில் கூரை ஓரங்கள் சுருண்டன. பானெட்டில் மட்டும் ஒரு லாபம், ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் எவ்வளவோ போயும் பெயின்டில் ஒரு பொட்டுகூட இல்லை.

கூரையிலும் டிக்கியிலும் இருந்ததை ஹேர் ட்ரையர் வைத்துச் சூடாக்கி உரித்துவிட்டேன், பசை போக மண்ணெண்ணெய் தேவைப்பட்டது. பானெட் ஃபிலிம் கிழியும் வரை இருக்கட்டும். மைலேஜில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் இரண்டே இரண்டில்தான் வந்தது: கூரை மேல் இருந்த லக்கேஜ் கேரியரைக் கழற்றியது, 110-இல் போனதை 90-க்குக் குறைத்தது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் அந்த இருபதே மூன்றில் ஒரு பங்கு தடையைக் குறைத்துவிடுகிறது. நீங்களும் ஃபிலிம் வாங்குகிற யோசனையில் இருந்தால், முதலில் கம்பளி நூல் ஒட்டி வீடியோ எடுத்துப் பாருங்கள், உங்கள் வண்டியில் காற்று எங்கே பிரிகிறது என்று தெரிந்துவிடும். பின்னால் வர ஒரு மச்சான் மட்டும் வேண்டும்.